மாமனாரை ஈடு வைத்தவன்

"ரேஸ் சைக்கிள் எதுக்குங்க? யார்கூட ரேஸ் விடப் போறீங்க?"

"ரேஸ் இல்லம்மா, ரோடு பைக். லேசா இருக்கும். ஒரு மிதி மிதிச்சா பறக்கும்."

"பறந்து எங்க போகப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுக்குத்தான் வருவேன்."

"அதுக்கு வீட்டுலயே இருந்துடலாமே!"

யாரோ ஒரு டீச்சர் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவனுக்கு, மனைவியோடு நடந்த அந்தப் பேச்சு வரி மாறாமல் நினைவுக்கு வந்தது. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"இதுல இருக்கறதுதான். இதுக்கு மேல ஒத்தக் காசு கிடையாது. அப்புறம், அப்பாவும் கூட வருவார். உங்களைத் தனியா விட்டா, விக்கறவன் அழுதா நீங்களும் சேர்ந்து அழுதுட்டுக் கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டு வருவீங்க."

அப்படித்தான் அவனுக்குப் பக்கத்தில் இப்போது மாமனாரும் நின்றுகொண்டிருந்தார், கைகளைப் பின்னால் கட்டியபடி, கேட்டின் தாழ்ப்பாளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு.

மாமனார் எடை அளவை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கடைத்தெருவில் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராக நிற்கும் என்று ஒரு காலத்தில் பேச்சு. மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். சோதனை போடக் கடைகள் இல்லாததால் வீட்டைச் சோதனை போட்டார். பிஸ்கட் பாக்கெட்டை நிறுத்துப் பார்ப்பார். பால்காரர் இவர் முகத்தைப் பார்த்தாலே அரைக் கரண்டி கூட ஊற்றிவிட்டு ஓடுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவனுக்கு ஆபீஸ் ஆபீஸாகப் போய் நகல் எடுக்கும் மெஷின்களை ரிப்பேர் செய்கிற வேலை. நாளெல்லாம் மெஷினுக்கடியில் மல்லாந்து கிடந்து, கறுப்பு மைத்தூளை மூச்சாக இழுப்பவனுக்கு, காற்று என்றால் எப்படியிருக்கும் என்று காட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பாலத்தின் மேல் வரிசையாகப் பறந்துபோகும் சைக்கிள்காரர்கள். அவர்களுடைய கேப்டன், அவன் வழக்கமாக ரிப்பேருக்குப் போகும் ஓர் ஆபீஸின் மேனேஜர்.

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு அணை வரைக்கும் போறோம். ரோடு பைக்கோட வந்தா உன்னையும் சேத்துக்கறேன்" என்று கேப்டன் சொன்ன நாளிலிருந்து அவனுக்குத் தூக்கத்திலும் கால் சுற்றிக்கொண்டிருந்தது.

புது சைக்கிள் கடைக்கு முதலில் போனான். ஒன்றை ஒற்றை விரலால் தூக்கினான். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் பத்திரமாகக் கீழே வைத்தான். அதன் பிறகுதான் இந்தப் பழைய சைக்கிள் விளம்பரம் கண்ணில் பட்டது.

ஓர் அம்மாள் கேட்டைத் திறந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, ஓட்டக்காரர்கள் போடும் பேன்ட், கழுத்தில் விசில். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று போனிலேயே சொல்லியிருந்தார். வீட்டில் அவர் ஒருவர்தான். முன்வராந்தாவில் ஒரே ஒரு நாற்காலி. அதற்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி அது நின்றது.

கருநீலம். விரல் பருமனில் டயர். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல வளைந்த ஹேண்டில்பார். அவனுக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

"என்னோடதுதான். முட்டி இப்ப ஒத்துழைக்கல" என்றார் டீச்சர். "ஓட்டிப் பாக்கறீங்களா தம்பி? ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போங்க."

சட்டைப்பையைத் தட்டினான். பேன்ட் பையைத் தட்டினான். கார்டு வீட்டில் வேலைச் சட்டையில் இருந்தது. போனை நீட்டினான். கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போனை டீச்சர் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டு அதைக் குடுத்தா எனக்குத்தானே நஷ்டம்?"

பதற்றத்தில் அவன் வாய் முந்திக்கொண்டது. "அப்ப எங்க மாமாவை வச்சுக்குங்க டீச்சர்!"

டீச்சர் மாமனாரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு முறை பார்த்தார். "சரி. இருக்கட்டும்."

"மாப்பிள்ளை! நான் என்ன ஈட்டுச் சாமானா?"

"உக்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டினார் டீச்சர். "அவர் திரும்பி வந்ததும் விட்டுடறேன்." விசிலை ஊதினார்.

விசில் சத்தத்தில் மாமனார் உட்கார்ந்துவிட்டார். அவன் கிளம்பிவிட்டான்.

முதல் மிதியிலேயே தெரு பின்னால் ஓடியது. சைக்கிள் அவனை ஏற்றிக்கொண்டு போனது என்று சொல்வதைவிட, அவனுடைய கால் நினைப்பதற்கு முன்னாலேயே அது போய்விட்டது என்று சொல்லலாம். முனை திரும்பும்போது தன்னையறியாமல் "ஆ!" என்று கத்தினான். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திட்டினாள். அதுகூடக் காதுக்கு இனிமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவனுக்குக் காது வரை சிரிப்பு. டீச்சர் சொன்ன விலைதான் கவரை மீறி நின்றது. எப்படிக் கேட்பது என்று அவன் தொண்டையைச் செருமுவதற்குள் மாமனார் எழுந்தார்.

"பின் பிரேக் கீச்சுங்குது. இப்படியே வாங்க முடியாது."

"கீச்சுங்கலையே!" என்றார் டீச்சர்.

"எனக்குக் கேட்டுது."

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, எண்ணெய் போட்டு வைக்கறேன். அடுத்த ஞாயிறு வாங்க. விலையும் கொஞ்சம் பாத்துச் செய்யறேன்."

தெருமுனை வந்ததும் அவன் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒரே வார்த்தையில விலையை இறக்கிட்டீங்களே!"

மாமனார் டீச்சர் வீட்டு கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் எதையும் இரண்டு முறை சோதிப்பவர் என்பதால் அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டில் மாமனார் பையிலிருந்து பழைய கொக்கித் தராசை எடுத்தார். அவனுக்குப் பகீரென்றது. வராந்தாவில் இப்போது இரண்டு நாற்காலி இருந்தது. தேநீரும் வந்தது. மாமனார் எதையும் கவனிக்காதவர்போலச் சைக்கிளைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்.

"விளம்பரத்துல போட்ட எடை ஒண்ணு. இங்க காட்டற எடை ஒண்ணு. அரைக் கிலோ கூட இருக்கு."

"தண்ணி பாட்டில் இருக்கே சார்" என்று டீச்சர் அதைக் கழற்றினார்.

"இன்னும் கூடத்தான் இருக்கு."

"காத்தடிக்கற பம்ப்." அதையும் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம்."

டீச்சர் இடுப்பில் கை வைத்தார். "போன வாரம் இன்ஸ்பெக்டர் கதையெல்லாம் சொன்னீங்களே, இத்தனை வருஷம் எடை குறைஞ்சதுக்குத்தானே சார் கேஸ் போட்டிருப்பீங்க? கூட இருந்தா வாங்கறவருக்கு லாபமாச்சே!"

மாமனார் தராசை மெல்ல இறக்கினார். அவருடைய உத்தியோக காலம் முழுவதிலும் அப்படி ஒரு பதிலை எந்த வியாபாரியும் சொன்னதில்லை. கூடி வந்த வியாபாரம் இந்த இடத்தில் உடைந்துவிடும் என்று அவன் நினைத்தான்.

"தம்பி, நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றார் டீச்சர். விசில்.

போய்விட்டு வந்தான். விலை இன்னும் இறங்கியிருந்தது! கவருக்கும் விலைக்கும் நடுவில் இப்போது ஒரு கீற்று இடைவெளிதான். கழற்றிய பம்பு வராந்தாவிலேயே கிடந்தது. அதை யாரும் திருப்பி மாட்டவில்லை.

"முடிச்சுடலாம் மாமா" என்று கிசுகிசுத்தான்.

"கியர்ல ஒரு சந்தேகம் இருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்."

வழியில் மாமனார் நின்றார். "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"கியர் பத்தித்தானே? அதெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா!"

மாமனார் மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

நடுவில் கேப்டன் போன் செய்தார். "பேரைக் குடுக்கலாமா? சைக்கிள் வந்தாச்சா?"

"வந்த மாதிரிதான் சார். பேரைக் குடுத்துடுங்க!" என்றுவிட்டான். சொன்ன பிறகுதான் மிச்சமிருந்த நாட்களை எண்ணிப் பார்த்தான். இந்த இன்ஸ்பெக்டரை நம்பினால் அணைக்கு அடுத்த பிறவியில்தான் போகலாம். ஆகவே புதன்கிழமை வேலை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், தனியாகப் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

டீச்சர் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையா?"

"இல்ல டீச்சர். அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானே முடிச்சுடலாம்னு. இதோ பாருங்க, ஐடி கார்டு கொண்டு வந்திருக்கேன்!"

"இந்தக் காலத்துல கார்டை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம் தம்பி."

"ஓட்ட வேண்டாம் டீச்சர், வாங்கவே வந்தேன். போன வாரம் ஒரு விலை சொன்னீங்களே..."

"அது போன வாரம்." விளம்பரத்தில் இருந்த முதல் விலையைச் சொன்னார். தேநீர் இல்லை. தண்ணீரும் இல்லை. கேட் சாத்திக்கொண்டது.

அவனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மாமனார் முகத்தைப் பார்த்த பயத்தில்தான் விலை இறங்கியிருக்கிறது! அந்த முகத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தது எவ்வளவு பெரிய மடத்தனம்!

வீட்டுக்கு வந்து நேராக மாமனார் முன்னால் நின்றான். "மாமா, உங்களைக் கேக்காம தனியாப் போயிட்டேன். தப்புதான். ஞாயித்துக்கிழமை நீங்க வரலைன்னா எனக்குச் சைக்கிள் இல்ல."

"தனியாப் போனீங்களா?" மாமனார் நிமிர்ந்தார். "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"சார் வரலையான்னு கேட்டாங்க. அவ்வளவு பயம் மாமா உங்க மேல!"

மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அது தலைகீழாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கேட்டாள்: "ஏங்க, அப்பா எதுக்கு இன்னிக்கு ரெண்டாவது தடவை ஷேவ் பண்றாரு?"

"சோதனைக்குப் போறவர் அப்படித்தான் மிடுக்கா இருக்கணும். நீ சும்மா இரு. அந்தச் சட்டையை இன்னொரு தேய்ப்பு தேச்சுக் குடு."

டீச்சர் வீட்டில் தேநீரோடு பிஸ்கட்டும் தயாராக இருந்தது. அவனுக்கு உள்ளுக்குள் வெற்றி முரசு கொட்டியது.

"பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "மேடு ஏறினாத்தான் கியர் தெரியும். அவசரமே இல்ல."

"பாலத்தைத் தாண்டியும் போகலாம் தம்பி" என்றார் டீச்சர். விசில்.

பாலத்தின் மேட்டில் கியரை மாற்றினான். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல மாறியது. உச்சியில் ஏறி நின்றபோது கீழே ஆறு, எதிரே நீண்டு கிடக்கும் சாலை, முகத்தில் மைத்தூள் கலக்காத காற்று. அணைக்குப் போகும் திசையைப் பார்த்து, "வர்றேன்டா!" என்று கத்தினான். குதூகலத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெகுதூரம் போய்விட்டான்.

திரும்பும்போது டயரிலிருந்து "புஸ்".

பம்ப் எங்கே என்று தடவினான். எடையைக் குறைப்பதற்காகக் கழற்றியது வராந்தாவில் கிடக்கிறது. தள்ளிக்கொண்டே நடந்தான். பொழுது சாயத் தொடங்கியது. மாமனார் அங்கே கொதித்துக்கொண்டிருப்பார். டீச்சர் சைக்கிள் திருடன் என்று முடிவு கட்டியிருப்பார். போன் அடித்தது. மனைவி.

"எங்கங்க இருக்கீங்க? அப்பா போனையே எடுக்க மாட்டேங்கறாரு!"

"மாமா பத்திரமாத்தான் இருக்காரும்மா. டீச்சர் வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"விட்டுட்டா? ஏன்?"

"ஈடா."

"எங்கப்பாவை ரேஸ் சைக்கிளுக்கு அடகு வச்சீங்களா?"

"ரேஸ் இல்லம்மா, ரோடு..."

போன் வைக்கப்பட்டது. அவன் டயர் தேயத் தேயத் தள்ளிக்கொண்டு ஓடினான். அவன் கேட்டை அடைந்தபோது, விலாசத்தைப் பழைய விளம்பரத்திலிருந்து பிடித்துக்கொண்டு அவளும் வந்து இறங்கினாள். கண்ணாலேயே அவனைச் சுட்டுவிட்டு, "அப்பா!" என்று உள்ளே பாய்ந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் குரல். வயிறு குலுங்குகிற, மூச்சு வாங்குகிற சிரிப்பு. யார் என்று தெரிய அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

மாமனார் நாற்காலியில் சரிந்து, கண்ணைத் துடைத்தபடி, கொக்கித் தராசில் மாட்டிய டீச்சரின் விசிலை நிறுத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தடக்கென்று எழுந்தார். முகம் பழைய இன்ஸ்பெக்டர் முகமாக மாறப் பார்த்தது. முடியவில்லை.

"வந்துட்டீங்களா? அதுக்குள்ளயா?"

அவன் மூச்சிரைக்கப் பேசினான். "பங்க்சர் மாமா! மன்னிச்சுக்குங்க. டீச்சர், நான் ஓடிப்போகல. இந்தச் சைக்கிள் எனக்கு வேணும். சத்தியமா வேணும். இந்தக் கவர்ல இருக்கறதுதான் என்கிட்ட இருக்கு. இதுக்கு மேல இல்ல. வர்ற ஞாயிறு அணைக்குப் போகணும்..."

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நான் ஒண்ணு கேக்கணும்..."

"கியர் பிரமாதம் மாமா! எதுவும் சொல்லாதீங்க!"

"அவர் என்னமோ சொல்ல வர்றாருங்க, விடுங்க" என்றாள் மனைவி.

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தேய்த்த சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார். உதடு அசைந்தது.

"அந்தப் பின் பிரேக்..."

டீச்சர் தராசிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். வராந்தா அடங்கியது.

"இவர் கேக்க மாட்டார். ஒவ்வொரு வாரமும் கேப்பார் கேப்பார்னு பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு. நானே கேட்டுடறேன். கவரை உள்ள வைங்க மாப்பிள்ளை. சைக்கிளை நீங்க எடுத்துக்குங்க, ஈட்டை நான் வச்சுக்கட்டுமா?"