பூட்டனைத் தின்னாத மீன்

அக்கரப்பத்தனை,
ஆடி மாதம், மழை விட்ட புதன்கிழமை.

அன்பு மருமகன் கஜேந்திரனுக்கு, தாய்மாமன் அழகன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மழை ஒன்றைத் தவிர எல்லாரும் சுகம். கொழும்பில் நீயும் நிஷாந்தியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் குரல் உடைந்துவிடும் என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன்.

வரும் அமாவாசைக்கு உன் அம்மாவை, அதாவது என் அக்காவை, மன்னார்க் கடலுக்குக் கூட்டிப்போக நீ வேன் பேசியிருக்கிறாய். எழுபத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்காத நிலையில், கடலில் தோணி நடத்திய நம் பூட்டன் பொன்னையா தண்டல் தன் தோணியோடு முழுகிய இடத்தில் ஒரு முழம் பூவாவது போடாமல் கண்ணை மூடமாட்டேன் என்று அவள் நிற்கிறாள். அந்த இடம் எது என்று பழைய பதிவுகளில் தேடிச் சொல்லும் வேலையை, முப்பத்தாறு வருடம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து, காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செக்ரோல் என்னும் ஆள் பதிவேடு எழுதியவன் என்பதால் என் தலையில் கட்டினீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

அவரை மீன் தின்றது, அதனால் நாம் மீன் தின்பதில்லை. நம் குடும்பச் சரித்திரமே இந்த ஒரு வரிதானே. பூட்டி வேலாயி போட்ட சட்டம். நெத்திலி கூடாது, டின்மீன் கூடாது, மாசித்தூள் கூடாது. மழை நாளில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கருவாடு சுடும் வாசம் வரும்போது நம் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்துவார்கள். சின்ன வயதில் அந்த ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டே ஒரு சட்டிச் சோறு தின்றவன் நான். உன் அப்பா பெண் பார்க்க வந்த இடத்தில், கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்று வாய்தவறிச் சொன்னதற்கு, கல்யாணமே வேண்டாம் என்று உன் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த மனுஷன் சாகும்வரை கருவாட்டைக் கடையில் தொங்கத்தான் பார்த்தார்.

கடைத்தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் சிப்னாஸுக்குப் பழைய கையெழுத்து படிக்க வரும். அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நாலு தடவை கொழும்புக்குப் போனேன். கடைசித் தடவை உன் வீட்டுக்கு வராமலே பஸ் ஏறியது ஏன் என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் கிடைத்தது 1884ஆம் வருடத் துறைமுகப் பதிவு. தொண்டித் தோணி ஒன்றில் நம் பூட்டன் பெயர், வேலை: சமையல். தண்டல் பரம்பரை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனுக்கு அது முதல் அடி. நாலு வருடத்தில் பாய் கட்டுகிறவர் ஆகிறார், 1893இல் தோணியையே நடத்தும் தண்டல் ஆகிறார். “பாத்தீங்களா கணக்கப்பிள்ள ஐயா, ஒங்க பூட்டன் ப்ரமோஷன் மேல ப்ரமோஷன் வாங்கிருக்காரு” என்றார் சிப்னாஸ். சேர்ந்த வேலையிலேயே ஓய்வு பெற்ற எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம் 1896 கார்த்திகை. தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்த அவருடைய தோணி மன்னாருக்கு அருகே மணல்திட்டில் மோதி உடைந்தது. விசாரணைக் கோப்பில் இருந்த செத்தவர்களின் பெயர்களைச் சிப்னாஸ் மெதுவாக வாசித்தார். பதினொரு பேர். தேயிலைச் செடி எப்படி இருக்கும் என்றுகூடப் பார்க்காமல் போன சனங்கள். பழக்கதோஷத்தில் நான் அந்தப் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், அதில் நம் ஆளின் பெயர் இல்லை. பக்கத்தைப் புரட்டினால், நாலு நாள் கழித்து எழுதிய வாக்குமூலம். காற்றுத் திரும்பியும் நான் தோணியைத் திருப்பவில்லை, பிழை என்னுடையது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கீழே கைநாட்டு, பொன்னையா தண்டல். “ஐயா, இவரு மௌத்தாகலயே” என்றார் சிப்னாஸ்.

தோட்டத்தில் பெயர் பதியாமல் யாரும் உயிரோடு இருக்க முடியாது என்பது என் தொழில் அனுபவம். ஆகவே பழைய செக்ரோல்களைத் துழாவினேன். அகப்பட்டுவிட்டார். கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், 1904இல், பொன்னையா, முன்பு தண்டல், மனைவி செல்லாயி, பிள்ளைகள் மூன்று. செத்தது 1931இல், காய்ச்சலில். அவருக்கு முன்பே மலைக்கு வந்துவிட்ட பூட்டி வேலாயி, கைக்குழந்தையோடு இங்கே மலை ஏறி இறங்கிக் கொழுந்து கிள்ளிய அத்தனை வருடமும், அவர் அரை நாள் தூரத்தில் சுகமாக இருந்திருக்கிறார்.

கஜேந்திரா, பிறந்ததிலிருந்து ஒரு நெத்திலித் தலையைக்கூட வாயில் வைக்காத அக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வேன்? எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நீ அவள் பெற்ற மகன். வேனை நிறுத்திவிட்டு நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லு. நான் வாசலில் நிற்கிறேன்.

நிஷாந்திக்கும் என் ஆசீர்வாதம். குளிரைத் தாங்கும் உடம்பும் உண்மையைத் தாங்கும் மனசும் உங்களுக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் அழகன்

பி.கு.: உன் வீட்டு விலாசத்தை எழுதி வாங்க டயகமவில் அக்கா வீட்டுக்குப் போனேன். கவரை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனது என் புத்திசாலித்தனம். திரும்பி வரும்போது அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

“இதுக்கா நாலு தடவ கொழும்பு போன?” என்றாள். “எனக்குத் தெரியும்டா. பூட்டி அது மருமககிட்ட சொல்லிச்சி, அவங்க நம்ம அம்மாகிட்ட சொன்னாங்க, அம்மா எங்கிட்ட சொல்லிச்சி. அப்பன் விட்டுட்டுப் போயிட்டான்னா புள்ள தலயக் குனிஞ்சிக்கிட்டு நடக்கும். மீனு தின்னுருச்சின்னா யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாங்க.”

ஆண்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க கருவாடு திம்பீங்க.”

அப்படியானால் மன்னாருக்கு எதற்கு என்றேன்.

“நூத்திமுப்பது வருசமா செய்யாத குத்தத்த மீனு தலயில போட்டிருக்கோம். நான் போறதுக்குள்ள ஒருதரம் மன்னிப்புக் கேட்டுக்கணும். அது இருக்கட்டும், பதினோரு பேருன்னு எழுதிருக்கியே, அவங்களுக்குப் பூப் போட யாரு இருக்காங்க? பேரெல்லாம் எழுதிட்டு வா. பெரட்டுல வாசிப்பியே, அதுமாதிரி கடலப் பாத்து வாசி. தோட்டத்துக்குன்னு வந்த சனம் தானே.”

ஆகவே வேனை நிறுத்த வேண்டாம். கடிதத்தையும் அனுப்பச் சொன்னாள், நீயும் ஆம்பளைதானே, தெரிந்துகொள்ளட்டும் என்று. முப்பத்தாறு வருடம் விடியற்காலைப் பெரட்டில் நூற்றுக்கணக்கில் பெயர் வாசித்தவன் நான். இந்தப் பதினொன்றை நேற்றிலிருந்து வாசித்துப் பழகுகிறேன். மூன்றாவது பெயரைத் தாண்ட முடியவில்லை. அன்றைக்கு நீ என் பக்கத்தில் நில்.