மாட்டுக்கு ஊறுகாய் போட்டவர்

என் பழைய டைரியில் ஒரு மார்கழி வெள்ளிக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: "எதிர்வீட்டுக் குழி சுடுகிறது. ஊர் திரண்டது. ஊறுகாய்க்காரர் நனைந்தார்." வருடம் ஐம்பத்தொன்பதாக இருக்கலாம். சிவகாசி அச்சகத்தில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது கழிவில் கிடைத்த டைரி. அட்டையில் வருடமே அச்சாகவில்லை.

உலகத்திலேயே மாட்டுக்கு ஊறுகாய் போட்ட ஒரே மனிதர் அவர்தான் என்று விஸ்வநத்தத்தில் நாங்கள் எல்லோரும் நம்பினோம். பச்சைச் சோளப்பயிரைப் பால்கதிரிலேயே அறுத்து, பொடியாக நறுக்கி, குழியில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் புளித்துப் பதப்பட்டுக் கோடைவரை கெடாது என்று எங்கோ படித்திருந்தார். முந்தின கோடையில் தீவனமில்லாமல் உழவுமாடுகளை விற்றவர். மிஞ்சியது ஒரு செவலைப் பசு. அதையும் விற்க மாட்டேன் என்று அவ்வருடப் பயிர் முழுவதையும் குழிக்குள் இறக்கிவிட்டார்.

காற்றை வெளியேற்ற மிதிக்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் மிதிக்க வேண்டும். தபால்காரர் மிதித்த பிறகுதான் கடிதத்தை வாங்கினார். மகளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்தவர்களிடம், "வாங்க, காப்பி கொதிக்கட்டும். அதுக்குள்ள ரெண்டு சுத்து மிதிச்சிருங்க" என்றார். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"சம்பந்தி, அந்த மூலை மெத்துமெத்துனு இருக்கு. அங்கன நல்லா மிதிங்க!"

சம்பந்தம் நிச்சயமானது. இது நான் விசாரித்து உறுதிசெய்த செய்தி.

குழிமேல் பனையோலை பரப்பி மண் பூசி மெழுகிய நாலாம் நாள், பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு மாரியம்மாள் பூச்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, குழி சுடுது!"

"சுடத்தான் செய்யும் தாயி. உள்ள புளிக்குதுல்ல."

"எங்க கம்பெனியில தரை இப்படிச் சுட்டா நாங்க நின்னு பேசிக்கிட்டா இருப்போம்?"

பட்டாசு ஊரில் தரை சுட்டால் முதலில் தண்ணீர், கேள்வியெல்லாம் அப்புறம். வேலைக்குக் கிளம்பிய பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வந்துவிட்டார்கள். தண்ணீர் இறங்கினால் தீவனம் அழுகும். பசு சந்தைக்குப் போகும். ஊறுகாய்க்காரர் குழிமேல் குப்புற விழுந்து கையைக் காலை விரித்துக்கொண்டார்.

"ஊத்துங்க! எம்மேல ஊத்துங்க!"

ஊற்றினார்கள்.

"எந்திரிங்கண்ணே, வெடிச்சா ஒரு எலும்பு தேறாது!"

"புல்லு வெடிச்சு எங்கன பாத்தீக?"

மத்தியானம்வரை அவர் எழவில்லை. காப்பிகூடப் படுத்தபடியேதான். ஒரு மூலை மட்டும் நனைந்து அழுகியது.

சித்திரையில் குழியைத் திறந்தபோது ஊரில் பச்சை என்று ஒரு புல் இல்லை. பசு முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு மென்று, "புளிப்பு சரியாத்தானே ஆத்தா இருக்கு?" என்று பசுவிடம் முறையிட்டார். அவரையே சற்றுநேரம் பார்த்த பசு, பரிதாபப்பட்டதோ என்னவோ, நாக்கை நீட்டியது. பிறகு தலையைத் தூக்கவே இல்லை.

அந்தக் கோடையில் மாரியம்மாளும் தன் எருமையை விற்கத் தரகரிடம் சொல்லிவைத்திருந்தாள். விற்கவில்லை. தினமும் விடிந்ததும் எருமையின் முன்னால், கடகப்பெட்டி நிறையப் புளித்த தீவனம் இருந்தது.

"தண்ணி ஊத்துனவ வீட்டுக்கு இம்புட்டு எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? கோழி கிளறிக் கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார்.

வைத்தது அவர்தான் என்பதற்கு நேரில் கண்ட சாட்சி கிடைக்கவில்லை. உறுதிப்படாத செய்தி என்றே குறித்து வைத்திருக்கிறேன். கோழி கடகப்பெட்டி சுமக்குமா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க மனம் வரவில்லை.