ஒன்பது நாள் குலுக்கிய பாட்டில்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். சுகமில்லாத சேதி ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உன்னைப் பயிற்சியிலிருந்து அழைத்துவரக் கிளம்பும் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

ஆய்வகத்தில் மராமத்து என்று உன் மூன்று வருஷ உழைப்பை ஒரு பாட்டிலில் போட்டுப் பத்து நாளைக்கு என்னிடம் ஒப்படைத்தாயே, அதை நீ சொன்னபடி காலையும் மாலையும் நூறு தடவை குலுக்கினேன், ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீர் விட்டேன், சூடு குறையக் கூடாதென்று என் மப்ளரை அதற்குச் சுற்றிவிட்டு நான் இருமிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "பெத்த பொண்ண இப்படி ஒரு நாள் தூக்கியிருப்பீங்களா? பாக்டீரியாவத் தோள்ல போட்டுத் தட்டுறீங்க" என்றாள். நீ குழந்தையாக இருந்தபோது நான் கிடங்கே கதியென்று கிடந்தேன்.

முப்பது வருஷம் மக்காச்சோளக் கிடங்கு பார்த்தவன் நான். பூசணம் பிடித்த சோளத்தைக் காயவைத்தாலும் கழுவினாலும் வறுத்தாலும் அது கக்கிவிட்டுப் போன விஷம் போகாது. தின்ற கோழிக்கு ஈரல் கெடும். அதனால் கிடங்கில் ஒரே சட்டம்: மூக்குக்குப் பிடிக்கவில்லையா, யோசிக்காதே, கொட்டு. நீ வந்து, "அப்பா, என் பாக்டீரியா ஒரு நொதி சுரக்கும். அது அந்த விஷத்த மட்டும் துண்டு துண்டா வெட்டிப் போட்டுரும், சோளம் நமக்கு மிஞ்சும்" என்றாய். நான், "கிருமிய வச்சு விஷத்த எடுக்கறதா? திருடன் கையில சாவி கொடுத்த கதைதான்" என்று சிரித்தேன். உன் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பரிகாரமாகத்தான் இத்தனை குலுக்கலும்.

இன்று ஒன்பதாம் நாள். காலையில் மூடியைத் திறந்தேன். புளித்த நாற்றம். மூக்கு சொன்னது, கை செய்துவிட்டது. முன்பு ஒரு தடவை நாறுகிறதென்று உன் அம்மாவின் மூட்டுவலித் தைலத்தைக் கொட்டிய அதே கை. மொத்தமும் கழுவுதொட்டியில் போனபிறகுதான் தலைக்குத் தகவல் எட்டியது. ஓடிப்போய்க் குழாயை மூடினேன்; எதற்கு மூடினேன் என்று இன்னும் தெரியவில்லை. சனிக்கிழமை தீவன ஆலையில் உன் சோதனை. ஆலைக்காரர் நூறு மூட்டை கெட்ட சோளத்தை உனக்காகக் கொட்டாமல் வைத்திருக்கிறார். நான் உன் பாட்டிலைக் கொட்டிவிட்டேன்.

என்னைத் திட்டு. சாப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே. ஆலைக்கு நானே வந்து, குற்றவாளி நான்தான் என்று சொல்கிறேன். அன்று சிரித்ததற்கும் மன்னித்துவிடு. ஒன்பது நாள் கையில் வைத்திருந்ததில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது, பாசமும்தான்.

நீ நூறாண்டு வாழ்ந்து, என் மூக்குக்கு எட்டாத தூரத்தில் எல்லாம் ஜெயிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். நேரே போய், தன் அலமாரியில் கம்பளிகளுக்கு நடுவிலிருந்து உன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ வண்டி ஏறிய அன்றே அதே மாதிரி வேறொரு பாட்டிலை வைத்து மாற்றிவிட்டாளாம். "உங்க மூக்க நம்பி என் பொண்ணோட மூணு வருஷத்த விடுவேனா?" நான் நடக்கப் போகும் நேரமெல்லாம் அவள் குலுக்கி, சர்க்கரைத் தண்ணீரும் விட்டிருக்கிறாள். நான் மப்ளர் சுற்றியது அரிசி களைந்த தண்ணீருக்கு. ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு, மன்னிப்பை மட்டும் விட்டுவை. சனிக்கிழமை ஆலைவரை அந்தப் பாட்டிலை நான் மடியில் வைத்துக்கொண்டு வரலாமா என்று உன் அம்மாவிடம் நீயே கேட்டுச் சொல். மூடியைத் திறக்கமாட்டேன்.