ஆறு பேருக்குக் காய்ச்சல்

காலை ஏழேகாலுக்குத் தொலைபேசியை வைத்த நலன் மிஸ், அலுவலகத்துக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தாள். முதல் சிரிப்பு பல்வலிக்காரியின் சிரிப்பு மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

'மாணவர் நலப் பொறுப்பாளர்' என்று அவள் அறைக் கதவில் எழுதியிருந்தது. அவ்வளவு நீளமாகக் கூப்பிடப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. நலன் மிஸ் ஆக்கிவிட்டார்கள். ஏரிக்கரையில், மலையடிவாரத்தில் இருந்த அந்த முகாம் பள்ளிக்கு எட்டாம் வகுப்புப் பெண்கள் வந்து நாலு வாரம் தங்குவார்கள். படகு ஓட்டுவார்கள், பாறை ஏறுவார்கள், வரைபடத்தை வைத்துக் காட்டில் வழி கண்டுபிடிப்பார்கள். செல்போன் கிடையாது. கால் கொப்புளம், வயிற்றுவலி, வீட்டு ஞாபகம், இந்த மூன்றும்தான் மிஸ்ஸிடம் வரும் வியாதிகள். மூன்றுக்கும் அவளிடம் மருந்து இருந்தது.

இன்று வந்தது நாலாவது.

தொலைபேசியில் பேசியவர் மூன்றாம் குடிலில் இருந்த ஒரு பெண்ணின் தாய்மாமன். எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும் வடக்கு எது என்று சொல்லிவிடுவாள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு 'திசைகாட்டி' என்று பெயர். அவளுடைய அப்பா இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். அவளை முகாமுக்கு அனுப்பியதே அவர்தான். நான் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நீ ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரட்டாத குறையாக அனுப்பிவைத்தாராம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் கண்ணை மூடிவிட்டார்.

"அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கம்மா," என்றார் மாமா. "நானே வந்து சொல்லிக்கறேன். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன். அது வரைக்கும் அவ எப்பவும்போல இருக்கட்டும்."

மிஸ் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயதில், விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குமாஸ்தா அவள் முன்னால் நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். ஊருக்குப் போவதற்கு, உங்க அம்மாதான் இறந்துட்டாங்களே என்றார். அவர் கெட்டவர் இல்லை. வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் வாக்கைக் கொடுத்த பிறகுதான் அன்று மலையேற்றம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி ஆகும். திசைகாட்டி முதுகுப் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள்.

மிஸ் அவளைத் தனியே கூப்பிட்டு, முகம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று சொல்லி நாக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. காய்ச்சல் லேசாக இருப்பதாகச் சொன்னாள். மூன்று வாரமாக அந்த மலைக்காகக் காத்திருந்த பெண் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு நாலு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். திசைகாட்டி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருக்கும் மிஸ்," என்றாள். பையைக் கழற்றினாள்.

நல்ல பெண், சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று மிஸ்ஸுக்கு நிம்மதியானது. அந்த நிம்மதி கயிறு சார் வரும்வரை நீடித்தது.

கயிறு சார் மலையேற்றப் பயிற்சியாளர். போன வருடம் ஒரு பெண்ணுக்கு வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் முப்பத்துநாலு பேரைப் படுக்க வைத்தது. அதிலிருந்து, ஒரு குடிலில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் குடிலே வெளியே போகக்கூடாது என்று விதி. விதியை எழுதியவர் அவரே. லேசான காய்ச்சல்தானே என்று மிஸ் இழுத்தாள். போன வருடமும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள் என்றார் அவர். அந்த நேரம் பார்த்து மூன்றாம் குடிலின் தூசி ஒவ்வாமைக்காரி, 'தும்மல்' என்று பெயர் எடுத்தவள், மூன்று முறை தும்மினாள். அந்தக் குடிலின் ஆறு பெயரும் மலையேற்றப் பட்டியலிலிருந்து போயின. மற்ற ஐந்து பேரும் பையைக் கழற்றிவிட்டுத் திசைகாட்டியைப் பார்த்த பார்வையில் ஈரமே இல்லை.

ஒருத்தியின் துக்கத்தை மறைக்கப் போய் ஐந்து பேரின் மலையைப் பறித்தாயிற்று. ஆறு பேருக்கும் நோயாளி அறையில் படுக்கை போட்டாள் மிஸ்.

அடுத்து சாப்பாடு. காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி மட்டும்தான் என்பது சமையல்காரரின் சட்டம். ஐந்து மணி நேரம் காரில் போய் அப்பாவின் உடலைப் பார்க்கப்போகிற பெண்ணை வெறும் கஞ்சியோடு அனுப்ப மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. சமையலறைக்குப் போய், யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

சமையல்காரர் ஆள்தான் ஆஜானுபாகு. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடுவார். ஐந்து தட்டில் கஞ்சி வந்தது. ஆறாவது தட்டில் மூன்று முட்டை, வெண்ணெய் தடவிய நாலு ரொட்டி, ஒரு ஆப்பிள். தட்டை வைத்துவிட்டு அவர் அங்கேயே நின்று, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். வெங்காயம் உரித்தார் என்றாள் மிஸ். ஒருத்தி தன் கஞ்சியைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, வெங்காயம் எங்கே என்று கேட்டாள்.

திசைகாட்டி எதுவும் கேட்கவில்லை. முட்டையையும் ரொட்டியையும் ஆறு பங்காகப் பிரித்தாள். தன் பங்கை முழுவதும் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் மிஸ்ஸுக்கு வயிறு நிறைந்தது.

தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தபோது அறையே அமைதியாக இருந்தது. முட்டை வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து பேரும் திசைகாட்டியின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவள்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

பத்தரை மணிக்குக் கடித நேரம். செல்போன் இல்லாததால் வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். திசைகாட்டி எப்போதும் அப்பாவுக்குத்தான் எழுதுவாள். அவள் தாளை எடுத்து வைத்து, பேனா மூடியைத் திறந்ததும் மிஸ் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். அந்தத் தாளில் 'அன்புள்ள அப்பா' என்று விழுவதை அவளால் பார்க்க முடியாது.

"இந்த வாரம் அம்மாவுக்கு எழுதேன்," என்றாள், கூடுமானவரை சாதாரணமாக. "எப்பவும் அப்பாவுக்கே எழுதினா அம்மா பாவம் இல்லையா?"

பேனா நின்றது.

"ஆமா மிஸ். அம்மா பாவம்தான்."

ஒரு பக்கம் எழுதினாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தபாலில் போடத் தரவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை.

இனி பெட்டி கட்ட வேண்டும். மாமா வந்ததும் கிளம்ப வசதியாக இருக்கும். காரணம்? குடிலில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கப்போகிறார்கள், எல்லோரும் சாமானைக் கட்டி வையுங்கள் என்றாள் மிஸ். ஒருத்தியை மட்டும் கட்டச் சொன்னால் சந்தேகம் வருமே. ஆறு பேரும் கட்டினார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மலையேற்றக் குழுவை உதவிப் பயிற்சியாளரோடு அனுப்பிவிட்டு முகாமிலேயே தங்கியிருந்த கயிறு சார் காதில் மூட்டைப்பூச்சி விழுந்தது. ஒரு குடிலில் இருந்தால் எட்டுக் குடிலிலும் இருக்கும் என்றார். பன்னிரண்டு மணிக்குள் ஐம்பது மெத்தைகள் மைதானத்தில் கிடந்தன. காய்ச்சல் விஷயத்தை அவர் ஏற்கெனவே முதல்வருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். வெளியூரில் இருந்த முதல்வர் அங்கிருந்தே டாக்டரை அனுப்பிவிட்டார். டாக்டர் காரை விட்டு இறங்கி, வெயிலில் விரித்துக்கிடந்த ஐம்பது மெத்தைகளைப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் போனார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

யாரும் போகவில்லை என்று மிஸ் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

டாக்டர் ஆறு பேரையும் சோதித்தார். ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. தெர்மாமீட்டரை மாற்றச் சொன்னார். போகிற போக்கில் மிஸ்ஸின் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மாத்திரை கொடுத்து, பேசாமல் அசையாமல் மூன்று மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, நோயாளி அறையில் மிச்சம் இருந்த ஒரே கட்டிலில் அவளைப் படுக்கவைத்துவிட்டுப் போனார்.

ஆக, யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டாள். ஈரத்துணியை நெற்றியில் வைத்தாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"வீட்ல உங்களுக்கு யார் மிஸ் இருக்காங்க?"

"தங்கச்சி இருக்கா."

"அவங்களுக்குப் போன் பண்ணச் சொல்லட்டுமா?"

மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு மணி தாண்டிவிட்டது. மாமா வரவில்லை. இது தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. இந்தப் பெண்ணின் உலகம் இடிந்து கிடக்கிறது, இவள் நமக்குத் துணி நனைத்துப் போடுகிறாள். நாளைக்குத் தெரியவரும்போது, அன்று முழுக்க இந்த மனுஷி தெரிந்துகொண்டே நம்மிடம் வேலை வாங்கினாளே என்றல்லவா நினைப்பாள். வாக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, உங்க அப்பா..."

"பேசாதீங்க மிஸ்," என்றாள் திசைகாட்டி. தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்கவைத்தாள். "டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அதற்கு மேல் மிஸ்ஸுக்குத் தைரியம் இல்லை.

மற்ற ஐந்து பேரும் மூலையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். சத்தமில்லை, சண்டையில்லை, யாரும் ஏமாற்றவில்லை. எட்டிப் பார்த்த கயிறு சார், பதின்மூன்று வயதில் ஐந்து பேர் இப்படி விளையாடினால் அது காய்ச்சலேதான், டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். மலைப்பாதையில் இரண்டு முறை வழி தவறிவிட்டதாம். கண் சிவந்து, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கேட்டருகில் நின்றார். மிஸ் தலைசுற்றலோடு எழுந்து போய் நின்றாள். அவர் சொல்லிவிடுவார், சொல்லும்போது அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலம்மா. உன்னைப் பாக்கணும்னாரு," என்றார்.

காலையிலிருந்து தான் சொன்ன பொய்கள் அத்தனையையும்விட இது பெரிய பொய்யாகப் பட்டது மிஸ்ஸுக்கு. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"சரி மாமா, போலாம்," என்றாள் திசைகாட்டி. அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். "நான் முன்னாடி உக்காந்துக்கறேன். வழி நான் சொல்றேன்."

பெட்டியைத் தானே தூக்கி வைத்தாள். ஏறும் முன் திரும்பி வந்து, சாயங்காலமும் ஒரு மாத்திரை போட வேண்டும், மறக்கக் கூடாது என்று மிஸ்ஸிடம் சொன்னாள். கார் மண் பாதையில் இறங்கி, வளைவில் மறைந்தது. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மிஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைதானத்தில் இன்னும் மெத்தைகள் கிடந்தன. மலையேறப் போனவர்கள் திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேவலமான நாள்தான், எதைத் தொட்டாலும் விளங்காத நாள். ஆனாலும் ஒன்றை மட்டும் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் அப்பா உயிரோடு இருந்தார். அந்த ஒன்பது மணி நேரத்தை நாம்தான் கொடுத்தோம்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மூன்றாம் குடிலின் ஐந்து பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். தும்மல் ஒரு அடி முன்னால் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது, ஆனால் தும்மவில்லை.

"இனிமே நாங்க அழலாமா மிஸ்? காலையில உங்க முகத்தைப் பாத்ததுமே அப்பா போயிட்டார்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தான் கிளம்புற வரைக்கும் உங்க முன்னாடி யாரும் அழக் கூடாது, மிஸ் பாவம், தாங்க மாட்டாங்கன்னு சொல்லியிருந்தா."