ரொமியின் பந்து

போன வருடக் கோயில் பெருநாளில், கலியாணம் கட்டினவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் நடந்த கரப்பந்தாட்டத்தில் ஒரேயொரு முறைதான் எம்பினேன். இறங்கும்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு மாதம் என் மனைவி ஜெனீற்றாதான் எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள்: இந்த வீட்டுப் படலைக்குள் இனிக் கரப்பந்து வரக்கூடாது. இந்த வருடமும் ஆடியே தீருவது என்று நான் முடிவெடுத்தேன், அவளுக்குத் தெரியாமல்.

வழி காட்டியது எங்கள் நாய் ரொமி. கீச்சென்று கத்தும் றப்பர் வாத்தைக் கடித்து, அதற்குள் இருந்த விசிலை விழுங்கிவிட்டது. ஊர்காவற்றுறை மிருக வைத்தியர் ஒருவாறு அதை வெளியே எடுத்துவிட்டு, வாய்க்குள் அடங்காத சாமானாகக் கொடுங்கள் என்றார். மறுநாளே பந்தோடு வந்தேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

"ரொமிக்கு. விழுங்க ஏலாதெல்லே."

"இது கரப்பந்து."

"அது நாய்க்குத் தெரியுமே?"

ஜெனீற்றா சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் பயம். இருபத்திரண்டு வருட அனுபவம்.

"நல்லது. ஆனா டொக்டர் இன்னுமொண்டும் சொன்னவர். விளையாட்டுச் சாமானோட நாயைத் தனிய விடக்கூடாதாம். தோல் பிய்ஞ்சால் துண்டை விழுங்கிப்போடும். ஆராவது பக்கத்திலை இருந்து பாக்கவேணும்."

"நீர் பாருமன்."

"எனக்கு அஞ்சு மணிக்குக் கோயிலிலை பாட்டுப் பழக்கம். வாங்கினவர் நீங்கள். அஞ்சிலயிருந்து ஆறரை மட்டும் இருந்து பாருங்கோ."

மைதானத்தில் ஆட்டம் பழகும் நேரமும் அதேதான். என்ன செய்வது? வேப்பமரத்தடியில் கதிரை போட்டாள். ரொமி பந்தை மூக்கால் உருட்டியது, நான் பார்த்திருந்தேன். அதன் வால் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை. எப்படியும் ஆள் குறையும், பெருநாளன்று என்னைக் கூப்பிட வருவார்கள். நாலுபேர் முன்னால் அவளால் மறுக்க ஏலாது.

வந்தார்கள். கட்டினவர் அணித்தலைவன் ரஜீபன் படலையில் நின்றான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"அக்கா, வெளிக்கிட்டிட்டியளே?"

ஜெனீற்றா வெளியே வந்தாள். காலில் புதுச் சப்பாத்து.

"நீர் எங்கை போறீர்?"

"விளையாட. நானும் கட்டினனான்தானே."

"பாட்டுப் பழக்கம் எண்டீர்?"

"பாட்டு அரை மணித்தியாலம்தான். மிச்ச நேரம் மைதானத்திலை. ரொமி கவனம்."

வென்றுவிட்டுத்தான் வந்தாள். செய்தியை முதலில் ரொமியிடம் சொன்னாள்.