கூடை பின்னும் ஊரிலிருந்து வராத மச்சானுக்கு

அன்புள்ள மச்சான் ஐங்கரனுக்கு,

ஜேர்மனி வுப்பர்டாலில் இருந்து அத்தான் உருத்திரமூர்த்தி எழுதுவது. நாங்கள் யாவரும் நலம். நீர் படுக்கையில் கிடந்தால் மட்டும் மன்னிக்கலாம் என்று உமது அக்கா யோகம் சொல்கிறா. ஆகையால் உமது உடல்நிலையை உடனே அறியத் தரவும்.

எங்கள் வட்டாரச் சங்கம் நீர் இருக்கிற இங்கிலாந்துக் கிராமத்தோடு நட்புறவு வைத்திருப்பது உமக்குத் தெரியும். அந்த ஊரின் வரலாறு, பழைய தொழில்கள் பற்றி என் மைத்துனரே நேரில் வந்து பேசுவார் என்று தலைவி யூலியாவிடம் சொன்னேன். அவவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கட மகள் மிதுஷாவின் நடன அரங்கேற்றத்துக்குச் சங்க மண்டபத்தைத் தரலாம் என்றா. நீரும் "ஓம் அத்தான், வாறன்" என்றீர். பேச்சு நாளன்று சனமெல்லாம் வந்து கதிரையில் இருந்த பிறகு, "லீவு இல்லை, நீங்களே சமாளியுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி!

உமது ஊரைப் பற்றி எனக்கு என்ன ஐசே தெரியும்? வந்த நேரமெல்லாம் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டிட்டுப் படுத்ததுதான். எண்டாலும் பேச எழும்பிட்டன். வில்லோ மரத் தடியில கூடை பின்னினவை, சுண்ணாம்பு சுட்டவை எண்டு நீர் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துது. மிச்சத்துக்கு எங்கட ஆக்கள் பனையோலை இழைக்கிறதை அப்படியே எடுத்து விட்டன். தடியை நல்லா வெயிலில காயப்போட்டு, இரவுப் பனியில பதப்படுத்தி, வார்ந்து பின்னுவினம் எண்டன். ஒரு கிழவர் எழும்பி, "இங்கிலாந்தில் அவ்வளவு வெயில் ஏது?" எண்டு கேட்டார். "அதாலதான் அந்தத் தொழில் நொடிஞ்சு போச்சு" எண்டன். சனம் கை தட்டிச்சுது.

ஆனா எனக்கு நெஞ்சு பதறினது பதறினதுதான். மண்டபம் கை நழுவியிருந்தால் பிள்ளை கால் நோக நோக ஆடிப் பழகினதெல்லாம் என்னாகிறது? தாய்மாமன் செய்யிற வேலையே இது? எனவே இத்தால் அறியத் தருவது: அரங்கேற்றத்துக்கு உமக்கு அழைப்பு இல்லை. இந்தப் பக்கம் தலைகாட்டவும் வேண்டாம். இது நானும் அக்காவும் சேர்ந்து எடுத்த முடிவு.

உமது மனுசி தர்மிகாத் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நல்லூரான் உம்மைத் தவிர எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
மயிரிழையில் மானம் தப்பிய அத்தான்,
உருத்திரமூர்த்தி

பி.கு.: யூலியா மண்டபத்தைத் தந்திட்டா. ஒரேயொரு நிபந்தனை: அரங்கேற்றம் தொடங்க முதல் அந்த ஊர்க் கூடைக்காரர் ஒருத்தர் மேடையில இருந்து பின்னிக் காட்டவேணுமாம். பேச்சு வேகத்தில அது என்ர மைத்துனர்தான் எண்டு சொல்லிப்போட்டன். மாமா வராட்டில் சலங்கை கட்டமாட்டன் எண்டு மிதுஷாவும் ஒற்றைக் காலில நிக்கிறாள். ஒரு கிழமை முந்தியே வாரும். அக்காவுக்கு ஓலைப்பெட்டி இழைக்கத் தெரியும், பழக்கி விடுவா. வரேக்க தடி கொண்டு வாரும். நல்லா வெயிலில காயப்போட்டு.