எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்குப் பசிக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் சுகம் என்றுதான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஒரு சதுரத் திறப்பு உண்டு. அதில் நுழைந்து மேலே போய்ப் பழுது பார்த்தால்தான் எனக்குச் சோறு. போன மாதம் தலை போயிற்று, தோள் போயிற்று, தொப்பை போகவில்லை. மேலாளரும் காவலாளியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். இந்த மாதக் கடைசியில் மறுபடி நுழைந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் நாள் முழுக்க அலறுவதைக் கேட்டால் நான் பிழைப்பேனா, நீயே சொல்.

கம்பெனி டாக்டர் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தம்மா என்னைப் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, "நீங்க பசிக்குச் சாப்பிடல சார், கவலைக்குச் சாப்பிடுறீங்க. மனசைக் கவனிங்க, உடம்பு தானா வழிக்கு வரும்" என்றார். புட்டுப் புட்டு வைத்துவிட்டார். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன் பார், அங்கேதான் பிடித்தது சனி. "அப்பா காதுல கெட்ட சேதி எதுவும் விழக் கூடாது" என்று இவள், என் வீட்டுக்காரி, பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து வீடே பல்லைக் காட்டுகிறது. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர், குழாய் உடைஞ்சிருச்சா என்று கேட்டால், "இல்லைங்க, தரையைக் கழுவுறேன்" என்கிறாள். பரீட்சை என்னடா ஆச்சு என்றால் பையன், "மூச்சை நல்லா இழுத்து விடுங்கப்பா" என்கிறான். என் ஸ்கூட்டரில் போன மகள் அதன் கண்ணாடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள், வண்டி எங்கேம்மா என்றால், "நடக்கிறது உடம்புக்கு நல்லதுப்பா" என்று சிரிக்கிறாள். நேற்று அத்தான் போன் செய்து, "மச்சான், நீ தங்கமானவன்யா" என்றார். உன் கல்யாணத்திலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன்! யாருக்கு என்ன ஆச்சு? உனக்கா, அவருக்கா? கேட்க நாதியில்லாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இந்த வீட்டில் உள்ளதை உள்ளபடி காட்டுவது அது ஒன்றுதான். மூடும்போது ஒரு முழு ரொட்டி காலி.

ஆலோசகரிடம் ஓடினேன். "கவலையை முழுங்காதீங்க சார், யார்கிட்டயாவது கொட்டிடுங்க" என்று அவரும் சிரித்தார். இவள் அவரையும் கைக்குள் போட்டுக்கொண்டாளோ என்று சந்தேகம். அதனால்தான் உன்னிடம் கொட்டுகிறேன். வேலை மாறினால்கூட எப்படியோ சமாளிப்பேன் அக்கா, இந்த ஆளுக்கு உண்மையைத் தாங்கத் தெம்பு இல்லன்னு என் பிள்ளைங்களே நினைக்குதுங்களே, அதைத்தான் தாங்க முடியல. எதுவானாலும் மறைக்காமல் எழுது.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் குறையாத ஆயுளும் கூடாத எடையுமாக வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. தபாலில் போடாமல் மேசையில் கிடந்த இதை இவள் படித்துவிட்டு அழுதாள். அப்புறம் மூன்று பேரும் போட்டி போட்டு உண்மையைக் கொட்டினார்கள். குழாய் உடைந்ததுதான், பையன் கணக்கில் முட்டை, ஸ்கூட்டர் மரத்தில் மோதி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, அத்தானைப் பாராட்டச் சொன்னதும் இவள்தான். அத்தனையும் கேட்டும் எனக்குப் பசிக்கவில்லை அக்கா! அதன் பிறகு வேண்டாத நேரத்தில் ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. இன்று காலை திறப்புக்குள் நுழைந்தும்விட்டேன், சட்டைப் பொத்தான் ஒன்றுதான் நஷ்டம். அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியில் ஒரு கேக், வந்ததும் இவள் கையால் விருந்து, மறுபடி அந்தக் கேக்கில் மிச்சம். அடுத்த மாதமும் நுழைந்து காட்ட வேண்டுமாம். கவலைக்குச் சாப்பிடாதே என்ற அந்தம்மா, சந்தோஷத்துக்கு என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. உன்னிடம் ஏதாவது கெட்ட சேதி இருந்தால் தயவுசெய்து உடனே எழுது.